நித்திரையும் ஞாபகமும்



சங்காரவன் என்னும் பிராமணன் ஒருவன் பகவன் புத்தரை அணுகி ஒரு கேள்வி கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. நெடுங்காலம் ஓதிப் பயின்ற மந்திரங்கள் சில வேளைகளில் நினைவிற்கு வாராமல் மறைந்துவிடுகின்றன. அதிகம் ஓதாதவையோ சில வேளைகளில் தாமே வந்து நாவில் நிற்கின்றன. இதற்குக் காரணம் யாது என்பதே அவன் கேள்வி. பகவன் நீர் நிறைந்த பாத்திரத்தை உவமையாக எடுத்துக்கொண்டார். நீரில் அரக்கும் மஞ்சளும் நீலமும் கலந்திருந்தாலும், நீர் அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்தாலும், பாசி படர்ந்திருந்தாலும், காற்றினால் அலைந்துகொண்டிருந்தாலும், சேறாகக் கலங்கி இருட்டில் வைக்கப்பட்டிருந்தாலும், அதில் தன் முகத்தைக் காண விரும்புகிறவன் காணமாட்டான். ஆசை, துவேஷம், சோம்பலும் மந்தமும், சஞ்சலமும் கவலையும், சந்தேகம் என்னும் ஐந்து தடைகளும் மனத்தை அவ்வாறே மறைக்கின்றன. மறைக்கப்பட்ட மனத்தில் கற்றது தோன்றுவதில்லை என்பது அவர் உரைத்ததன் கருத்து.

இவ்வைந்தில் சோம்பலும் மந்தமும் பாலி மொழியில் தீனமித்தம் எனப்படும். அதற்குச் சொல்லப்பட்ட உவமை பாசி படர்ந்த நீர். இதைப் படித்தவர்களிற் பலர் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உறக்கமே அந்தப் பாசி. கண்விழிப்பே தெளிந்த நீர். புத்தர் என்னும் சொல்லுக்கே விழித்தவர் என்பதுதானே பொருள். ஆகையால் எவ்வளவு குறைவாக உறங்குகிறோமோ அவ்வளவு தம்மத்தை நெருங்குகிறோம் என்பது அம்முடிவு. இது பிழை. வெறும் பிழையாக மட்டும் இருந்தால் அதைப்பற்றி ஒரு மாலைப்பொழுது பேச வேண்டுவதில்லை. நமது தங்கவயலில் இது பிள்ளைகளின் கல்விக்குக் கேடு விளைக்கும் பிழையாயிருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கும் நாட்களில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உள்ள லைன் வீடுகளின் ஓரமாக இரவில் நடந்து பாருங்கள். பன்னிரண்டு மணிக்கும் விளக்கெரியும் வீடுகள் உண்டு. விடியுமுன் ரயிலேற வேண்டிய கணவனுக்குச் சோறு கட்டுவதற்காக மூன்று மணிக்கெல்லாம் எழும் தாய், அப்பொழுதே பிள்ளையையும் தட்டி எழுப்பிவிடுவாள். பிள்ளை புத்தகத்தின்மேல் தலை கவிழ்ந்தால் ‘தூங்குமூஞ்சி’ என்ற பட்டம் கிடைக்கும். நேற்றுப் படித்தது இன்று நிற்கவில்லை என்று அவன் அழுதால், அதற்கு மருந்தாக இன்னும் ஒரு மணி நேரக் கண்விழிப்பு விதிக்கப்படும். அந்தத் தாயைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. அவளும் உறங்கவில்லை, அவள் கணவனும் உறங்கவில்லை, உறங்காமல் உழைத்தே அக்குடும்பம் நிமிர்ந்து நிற்கிறது. தான் அறிந்த ஒரே வழியைத்தான் அவள் மகனுக்கும் காட்டுகிறாள். ஆனால் அவ்வழி ஞாபகத்தின் வழியன்று.

முதலில் பகவன் உறக்கத்தைப்பற்றிக் கூறியது யாதென்று பார்ப்போம். மகா மொக்கல்லானர் மகத நாட்டிலே கல்லவாளமுத்தம் என்னும் கிராமத்தருகில் தியானத்தில் அமர்ந்து, உறக்கம் மேலிட்டுத் தலை சாய்ந்துகொண்டிருந்தார். அவர் எத்தகைய சீடர் என்பதை நீங்கள் அறிவீர்கள். பகவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எந்த எண்ணத்தில் இருக்கும்பொழுது உறக்கம் வந்ததோ அதை விட்டுவிடும்படி கூறினார். அதனாலும் நீங்காவிடின் கேட்ட தம்மத்தைச் சிந்திக்கவும், பின்னர் வாய்விட்டு ஓதவும், காதுமடல்களை இழுத்துக் கைகால்களைத் தேய்க்கவும், கண்களை நீரால் கழுவித் திசைகளையும் நட்சத்திரங்களையும் நோக்கவும், மனத்திலே ஒளியை நினைக்கவும், எழுந்து உலாவவும் முறையே சொன்னார். இத்தனையும் செய்து உறக்கம் நீங்காவிடின் என்ன செய்வது? வலப்பக்கமாகச் சாய்ந்து, மீண்டும் எழும் எண்ணத்தை உள்ளத்தில் இருத்தி, உறங்கிவிட வேண்டும் என்றார். உறக்கத்திற்குச் சொல்லப்பட்ட மருந்துகளில் கடைசி மருந்து உறக்கமே.

இன்னுமொரு சூத்திரத்தில் சச்சகன் என்னும் வாதி, பகலில் உறங்கியது நினைவில் உண்டா என்று பகவனையே மடக்கிப் பார்க்கிறான். கோடைக்காலத்தின் கடைசி மாதத்திலே, பிச்சை ஏற்று உண்டபின், சீவரத்தை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாகச் சாய்ந்து நினைவோடு உறங்கியதுண்டு என்று பகவன் கூசாமல் ஒப்புக்கொண்டார். அதை மயக்கம் என்பார்களே என்று சச்சகன் கேட்க, மயங்கியவன் யார், மயங்காதவன் யார் என்பது உறக்கத்தைக்கொண்டு நிச்சயிக்கப்படுவதன்று என்று விளக்கினார். தீனமித்தத்தை வேரறுத்த அரஹந்தரும் உடல் தளர்ந்தபொழுது உறங்கினர். ஆகவே தீனமித்தம் என்பது செய்யத்தக்கதைச் செய்ய மனம் பின்வாங்குதல். நித்திரை என்பது உடலின் தேவை. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் குழப்பம் பிறந்தது.

உறக்கம் தம்மத்திற்குப் பகையன்று என்பது இவற்றால் விளங்கும். உறக்கம் ஞாபகத்திற்கு நட்பு என்று கூற வேறு சான்று வேண்டும். அச்சான்று திரிபிடகத்தில் இல்லை. விஞ்ஞானிகள் கண்டவை யாவும் நமது சூத்திரங்களில் முன்னமே ஒளிந்திருந்தன என்று பேசும் வழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள் என்று போதித்தவரின் மாணாக்கர், சோதித்தவர்களிடம் சென்று கேட்பதில் வெட்கம் யாது?

1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சில நாட்களில் மனப்பாடம் செய்தபின் அவர்கள் உறங்கினர். சில நாட்களில் விழித்திருந்து வழக்கமான அலுவல்களைப் பார்த்தனர். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபொழுது, விழித்திருந்தவர்க்குப் பத்தில் ஒன்றளவே நினைவிருந்தது; உறங்கி எழுந்தவர்க்குச் சற்றேறக்குறையப் பாதி நினைவிருந்தது. கற்பித்தவர் ஒருவரே, கற்றது ஒன்றே, கடந்த நேரமும் ஒன்றே. இடையில் நித்திரை இருந்ததா இல்லையா என்பதொன்றே வேறுபாடு.

அக்காலத்தில் இதற்கு அவர்கள் கூறிய விளக்கம் யாதெனில், விழித்திருக்கும்பொழுது புதிய செய்திகள் வந்து பழையனவற்றை அழிக்கின்றன; உறக்கத்தில் அவ்வாறு அழிப்பார் இல்லை என்பதாகும். அதாவது, மூடிய கடையில் திருட்டுப் போவதில்லை என்பது போன்ற விளக்கம். இது பாதி உண்மையே. கடை மூடியிருக்கும்பொழுதுதான் உள்ளே சரக்கு அடுக்கும் வேலை நடைபெறுகிறது என்பது பின்னரே தெரிந்தது.

அது எவ்வாறு தெரிந்தது என்பதற்கு ஒரு துயரமான கதையுண்டு. 1953-இல் ஹென்றி மோலைசன் என்னும் அமெரிக்க இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோயைத் தீர்க்கும்பொருட்டு மூளையில் அறுவை செய்தார்கள். மூளையின் இருபுறமும் காதுகளுக்கு உட்பக்கமாக ஆழத்தில், கடற்குதிரைபோல் வளைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இருக்கிறது. அதன் பெரும்பகுதியை நீக்கினர். வலிப்பு தணிந்தது. ஆனால் அன்று முதல், 2008-இல் இறக்கும் வரையில், புதிய செய்தி எதையும் அவரால் நினைவில் வைக்கக் கூடவில்லை. தம்மிடம் பல்லாண்டுகள் வந்து பேசிய பிரெண்டா மில்னர் என்னும் ஆராய்ச்சியாளரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே வரவேற்றார். ஆயினும் அவருடைய சிறுவயது நினைவுகள் அழியவில்லை. இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. புதிய செய்தி முதலில் தங்குமிடம் ஒன்று; நெடுநாள் நிலைக்கும் இடம் வேறொன்று. முன்னது ஹிப்போகாம்பஸ், பின்னது மூளையின் பரந்த மேற்பரப்பு. அப்படியாயின், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்வது யார்? எப்பொழுது?

மணிமேகலைக் காப்பியத்தில், மணிமேகலா தெய்வம் அப்பெண்ணைத் துயிலில் ஆழ்த்திக் கடல் கடந்து மணிபல்லவத் தீவிற்குக் கொண்டுசென்றதும், அவள் துயிலெழுந்து அங்கே புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை நினைவுகூர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். அது கவி கட்டிய கதை, மூளை நூலன்று. எனினும் இந்த ஆராய்ச்சிகளைப் படிக்குந்தோறும் எனக்கு அக்கதையே நினைவிற்கு வருகிறது. ஏனெனில் மேற்சொன்ன கேள்விக்குக் கிடைத்த விடை, சுமந்து செல்வது நித்திரை என்பதே.

1994-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்சனும் மக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்தி நரம்பணுக்களைக் கவனித்தார்கள். எலி ஓரிடத்தில் உலாவும்பொழுது இன்ன இடத்திற்கு இன்ன அணு என்று அணுக்கள் துடிக்கும். பின்னர் அவ்வெலி ஆழ்ந்து உறங்கியபொழுது, பகலில் சேர்ந்து துடித்த அதே அணுக்கள் மீண்டும் சேர்ந்து துடித்தன. அடுத்து வந்த ஆராய்ச்சிகளில், பகலில் துடித்த அதே வரிசையில், ஆனால் பன்மடங்கு விரைவாக, அவை துடிப்பதும் காணப்பட்டது. எலி உறங்கியது, அதன் மூளை பகலில் நடந்த பாதையைத் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தது. ஓதுதல் என்னும் சொல்லை நான் தெரிந்தே சொல்கிறேன்.

மனிதரிடத்திலும் சோதித்தார்கள். 2007-இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சீட்டுகள் எங்கெங்கே கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன என்று மாணவர்களை மனத்தில் பதிக்கச் சொல்லி, அப்பொழுது ரோஜா மணத்தை முகரச் செய்தனர். பிறகு அவர்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கையில் அதே மணத்தை மெல்ல வீசினர். விழித்தபின் நூற்றுக்கு 97 பங்கு நினைவிருந்தது. மணமில்லாமல் உறங்கிய இரவில் 86 பங்கே நினைவிருந்தது. கனவு மிகுந்த உறக்கத்தில் அம்மணம் வீசியபொழுது பயன் இல்லை. விழித்திருக்கையில் வீசியபொழுதும் இல்லை. (இதைக் கேட்டுவிட்டு, மகன் படுக்கும் அறையில் இரவெல்லாம் ஊதுவத்தி கொளுத்தி வைக்காதீர்கள். புகை மார்புக்குக் கெடுதல். அதற்கு மதிப்பெண் கிடைக்காது.)

கைப்பழக்கமும் இவ்வாறே. 2002-இல் ஹார்வர்டில் நடந்த ஒரு சோதனையில், விரல்களால் ஓர் எண் வரிசையை விரைவாகத் தட்டப் பழகியவர்கள், ஓரிரவு உறங்கி எழுந்தபின், மேற்கொண்டு பழகாமலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிக விரைவில் தட்டினார்கள். தையல் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த நம் பெண்கள், முதல் நாள் வராத கைலாவகம் மறுநாள் காலையில் தானே வந்தது என்று வியப்பதுண்டு. வியப்புக்குரியதுதான், அந்த ஓரிரவு அவர்கள் உறங்கியிருந்தால்.

இரவின் உறக்கம் முழுவதும் ஒரே தன்மையானதன்று. 1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்றும், அவ்வேளைகளில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கூறுகின்றனர் என்றும் கண்டனர். இன்று நாம் அறிந்தபடி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு சுற்றாக ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் மாறி மாறி வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பின்னிரவில் கனவுறக்கம் மிகுதி. பாடத்தில் கற்ற செய்திகள் நிலைபெறுவதற்கு ஆழ்ந்த உறக்கம் பெரிதும் உதவுகிறது. மனத்தைத் தாக்கிய நிகழ்ச்சிகள், சில வகைத் திறமைகள் ஆகியவற்றில் கனவுறக்கத்திற்கும் பங்குண்டு என்பர். அதில் ஆராய்ச்சியாளர்க்குள் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. எப்படியாயினும், பன்னிரண்டுக்குப் படுத்து மூன்றரைக்கு எழும் பிள்ளை இரண்டு சுற்றுகளையே காண்கிறான். பின்னிரவின் பங்கு அவனுக்குக் கிட்டுவதே இல்லை.

மேலும் ஒரு தீங்கு உண்டு. உறக்கமில்லாத மூளை நேற்றுக் கற்றதை இழப்பதோடு, இன்று கற்பிப்பதையும் ஏற்க வலியற்றிருக்கிறது. ஓரிரவு கண்விழித்தவர்களிடம் ஹிப்போகாம்பஸின் செயல் குன்றுவதை 2007-இல் படமெடுத்தே காட்டினார்கள். எழுதி நிறைந்த பலகையைத் துடையாமல் அதன்மேலேயே எழுதுவதை ஒத்தது அது. பகவன் சொன்ன பாசி இங்கேதான் படர்கிறது; உறக்கத்தினால் அன்று, உறக்கமின்மையினால். சங்காரவனுக்கு அளித்த உவமையை நான் திரிக்கவில்லை. மந்தம் எதனால் வந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

இனி நம் ஊரைப்பற்றிச் சொல்லவேண்டியது மிகுதி. 1880 முதற்கொண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கம் நடத்தினர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரையில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறங்கியது. பூமிக்கடியில் பகலும் இல்லை, இரவும் இல்லை. சங்கு ஊதினால் ஷிப்டு. நம் பாட்டன்மார் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலுமாக இறங்கி ஏறினார்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர், பத்தடி அகலமுள்ள ஒற்றை அறையில், சமையலின் புகைக்கும் குழந்தைகளின் கூச்சலுக்கும் நடுவே, கண்ணின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பகலில் படுத்திருப்பார். அவரைக் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று கூறிய அறிவிலிகளும் உண்டு.

மேற்சொன்ன கிளைட்மன் 1938-இல் தம் மாணாக்கர் ஒருவருடன் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினார். சூரியனைக் காணாத அவ்விடத்தில், ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வகுத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார்கள். இருபது வயதைச் சிறிது கடந்த மாணாக்கருக்கு உடல் அதற்கு இணங்கியது. நாற்பது கடந்த ஆசிரியருக்கு இணங்கவில்லை. வெளிச்சமே இல்லாத குகையிலும் அவருடைய உடல் தன் பழைய 24 மணிக் கணக்கையே விடாது பிடித்துக்கொண்டிருந்தது. இரவில் விழித்துப் பகலில் உறங்குவது நேரத்தை இடம் மாற்றி வைப்பது மட்டுமன்று. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தோடு செய்யும் சண்டை என்பதை இது காட்டிற்று. பகலுறக்கம் குறுகியதாகவும் எளிதில் கலைவதாகவும் இருப்பது இதனாலேயே.

பிரெஞ்சு நாட்டில் சுமார் 3,000 தொழிலாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் மாறும் ஷிப்டுகளில் உழைத்தவர்களின் ஞாபகமும் சிந்தனை விரைவும், ஆறரை ஆண்டு அதிக முதுமை அடைந்தவர்க்கு ஒப்பாகக் குறைந்திருந்தன. அவ்வேலையை விட்டபின் மீள்வதற்கு ஐந்தாண்டுகளாவது ஆயிற்று. இது நம் சுரங்கத்தைப்பற்றிய கணக்கன்று. வறுமையும் வேறு துன்பங்களும் எவ்வளவு பங்கு என்று பிரித்துரைப்பதும் எளிதன்று. ஆயினும், பெயர் மறந்து, போட்ட இடம் மறந்து, ‘வயசாயிடுச்சு, புத்தி மழுங்கிப்போச்சு’ என்று தம்மையே நொந்துகொள்ளும் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் இதைக் கேட்கவேண்டும். அம்மறதியில் ஒரு பங்கு நீங்கள் தங்கத்திற்காக விட்டுக்கொடுத்த இரவுகளின் விலையாக இருக்கக்கூடும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு நின்றது, இரவு மட்டும் திரும்பி வரவில்லை. நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலில் சென்று வருகின்றனர். விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் கடந்து, பங்காரப்பேட்டையில் நெருக்கம் தாங்காமல் நின்று, கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் கடை வேலைக்கும் போய், விளக்கு வைத்து நெடுநேரம் கழித்து வீடு திரும்புகிறார்கள். போக வரப் பல மணி நேரம் கழிகிறது. அந்நேரம் ஊதியத்திலிருந்து வருவதன்று, உணவிலிருந்து வருவதன்று. உறக்கத்திலிருந்து அறுத்து எடுக்கப்படுகிறது.

ரயிலில் சாய்ந்து உறங்குவதை யாரும் இழிவாக எண்ணவேண்டாம். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையிலான பகலுறக்கம்கூடச் சில வகைக் கற்றலுக்கு ஓரிரவின் உறக்கத்தை ஒத்த பயனளித்ததாக 2003-இல் கண்டிருக்கிறார்கள். இடம் கிடைத்தவர் உறங்கட்டும். சீட்டாடுகிறவர்கள் சற்றுத் தாழ்ந்த குரலில் ஆடினால் அதுவும் தானமே.

கவலையால் உறக்கம் வராதவர்களும் நம்மில் உளர். ஹத்தகன் என்னும் ஆளவி நகரத்தான், பனி பெய்யும் மாதத்தில், மாட்டுக் குளம்புகள் மிதித்துக் கரடுமுரடான வழியோரத்தில் இலைகளைப் பரப்பி அமர்ந்திருந்த பகவனைக் கண்டு, நன்றாக உறங்கினீரா என்று கேட்டான். நன்றாகவே உறங்கினேன் என்றார் பகவன். மாளிகையிலே மெத்தையின்மேல் படுத்தாலும் ஆசையும் துவேஷமும் மோகமும் எரிப்பவனுக்கு உறக்கம் ஏது என்பது அவர் காட்டிய நியாயம். இதை வைத்துக்கொண்டு, வேலை இழந்தவனைப் பார்த்து ‘உன் ஆசைதான் உன்னை உறங்கவிடவில்லை’ என்று உபதேசம் செய்யாதீர்கள். ஹத்தகனிடம் பேசியபொழுது பகவன் உவமை காட்டியது மாளிகையில் படுத்திருப்பவனைப்பற்றி. வாடகை கொடுக்க வழியில்லாதவனைப்பற்றி அன்று.

எனினும், மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிக்கும் ஆழ்ந்த உறக்கத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு ஒரு சான்று நமக்கு அருகிலேயே கிடைத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் விபஸ்ஸனா பயில்வோரின் உறக்கத்தைக் கருவிகளால் அளந்து 2010-இல் வெளியிட்டனர். முதுமை நெருங்க நெருங்க ஆழ்ந்த உறக்கம் குறைவது இயல்பு. பயிற்சியுடையோரிடம் அது அவ்வளவாகக் குறையவில்லை. தியானத்தால்தான் அவ்வாறாயிற்றா, இயல்பாகவே நன்றாக உறங்குவோர்தான் தியானத்தில் நிலைத்தார்களா என்பதை இவ்வொரு சோதனையால் முடிவு செய்ய இயலாது. படுக்குமுன் கால்மணி நேரம் மூச்சைக் கவனித்து அமர்ந்திருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை என்ற அளவில் நான் சொல்வேன்.

பரீட்சைக்கு முந்திய இரவைப்பற்றி ஒரு வார்த்தை. நமது தம்மம் ஏட்டில் எழுதப்படுமுன் பல நூற்றாண்டுகள் பிக்குகளின் ஞாபகத்திலேயே வாழ்ந்தது. அவ்வாறு ஓதிக் காத்தவர்களுக்கெல்லாம் முதல்வர் ஆனந்தர். ராஜகிருகத்தில் முதற் சங்கம் கூடுவதற்கு முந்திய இரவு, தாம் இன்னும் அரஹந்த நிலை அடையவில்லையே என்னும் ஏக்கத்தால் அவர் இரவெல்லாம் உலாவித் தியானித்தார். பலன் கிட்டவில்லை. முயற்சி மிகுந்து மனம் சஞ்சலப்படுகிறது என்று உணர்ந்து, விடியற்காலையில் சற்று இளைப்பாறக் கட்டிலில் சாய்ந்தார். பாதங்கள் தரையைவிட்டு எழுந்தன. தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் அவர் விடுதலை பெற்றார் என்று நூல்கள் கூறுகின்றன. இது மூளை ஆராய்ச்சியன்று. உறக்கம் ஞாபகத்தை வளர்த்ததற்குச் சான்றுமன்று. ஆயினும் சூத்திரங்கள் அனைத்தையும் நினைவில் தாங்கியிருந்த அம்மகானும், மிகுந்த முயற்சியைத் தளர்த்திப் படுக்கச் சென்றார் என்பதைப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பிக்குகளுக்கு விதித்தது முதல் யாமமும் கடை யாமமும் விழிப்பு, இடை யாமம் உறக்கம் என்பதாகும். அது துறவிகளுக்கு வகுத்தது. பகலெல்லாம் பாரம் சுமக்கும் இல்லறத்தாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் வகுத்ததன்று. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையில் எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் உறக்கம் வேண்டும் என்று உறக்க வைத்தியர்கள் 2016-இல் வரையறுத்துள்ளனர். ஆகையால் ஒன்பதரை மணிக்கு மகன் கண்ணயர்ந்தால் விளக்கை அணையுங்கள். படுக்குமுன் அன்று கற்றதை ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியை வேறறையில் வையுங்கள், வேறறை இல்லாத வீட்டில் அம்மாவின் தலைமாட்டில் வையுங்கள். விடியற்காலைப் படிப்பு நல்லதே, அதற்குமுன் உறக்கம் நிறைந்திருக்குமாயின். தாய்க்கு எட்டு மணி நேரம் எங்கே கிடைக்கும் என்று இங்கே அமர்ந்திருக்கும் சகோதரிகள் புன்னகை செய்வது தெரிகிறது. இரவே அரிசி களைந்து, காய் நறுக்கி வைக்க ஆடவருக்கும் கைகள் உண்டு.

நமது கூட்டங்களையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும். பௌர்ணமி நாட்களில் இரவு பத்து மணி வரையில் பிரசங்கம் நீண்டு, மறுநாள் ரயிலுக்குச் செல்வோர் இருமனமாய் அமர்ந்திருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அடுத்த பௌர்ணமி முதல் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடலாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்பொழுது மணி எட்டேகால். விடியற்கால ரயிலுக்குச் செல்வோர் பஞ்சசீலம் ஓதியவுடன் முதலில் எழுந்து செல்லுங்கள். பாய்களை மற்றவர்கள் சுருட்டி வைப்போம்.